தொலைவில் நிற்கும் நாரைகள் மங்கலாக விழுவது பற்றி

லென்ஸில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. 1/2000 நொடி வேகத்திலும் காலை பத்து மணிக்கு மேல் எடுத்த நாரைகள் மட்டும் மங்கலாக விழுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சூடேறிய சேற்றுத்திட்டின் மேல் நெளியும் காற்றே பெரும்பாலும் காரணம். வெப்பம் மாறுபடும் காற்றடுக்குகள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது பயன் தராது.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அசையாத பட்டமரக் கிளையொன்றை இருபது முறை தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். கிளையின் விளிம்பு ஒரு படத்தில் கூர்மையாகவும் அடுத்ததில் நெளிந்தும் இருந்தால் காற்றுதான். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் ஃபோகஸைச் சரிபாருங்கள்.

உங்கள் கூடாரம் நீர்க்கரையிலேயே இருப்பதால், சேறு சூடேறுவதற்கு முன்னான, விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். அந்த வெளிச்சத்துக்கு ஈடே இல்லை.

ஆனால், ஏசி ஓடிய காரிலிருந்து லென்ஸை உடனே வெளியே எடுத்தாலும் ஈரம் படிந்து படம் மங்கும் என்பதால், அரை மணி நேரம் மூடிய பையிலேயே வைத்திருந்து எடுங்கள்.