மாத்திரைக்குப் பதிலாக மலர் மருந்து எடுக்கலாமா?

சில மாதங்களாகக் கவலையில் தூக்கம் கெடுகிறது, மாத்திரை என்றாலே பயம், மலர் மருந்து போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணைக்கு எடுக்கலாம், ஆனால் மாத்திரைக்கு மாற்றாக அல்ல.

நம் ஹோமியோபதி கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் பாட்ச் வகுத்தவை. 1930இல் லண்டனை விட்டுக் கிளம்பியவர், 1936இல் இறப்பதற்குள் 38 மருந்துகளை வரையறுத்துவிட்டார். பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். சிலவற்றை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். பிறகு பூவை எடுத்துவிட்டு, அந்த நீரோடு சம அளவு பிராந்தி சேர்ப்பார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டுதான் பிராந்தி நிரப்பிய 30 மி.லி. பாட்டிலுக்குப் போகிறது. பூவின் சத்து என்று அதில் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. இதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், மருந்தே கலக்காத வெறும் சொட்டைவிட இது கூடுதலாக வேலை செய்வதாகக் காணவில்லை.

அப்படியிருந்தும் எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு. காரணம், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் விதம். பயத்துக்கு மட்டுமே ஐந்து மருந்துகள். இன்னதென்று தெரிந்த பயத்துக்கு மிமுலஸ், காரணம் தெரியாத கலக்கத்துக்கு ஆஸ்பென், உறைய வைக்கும் திகிலுக்கு ராக் ரோஸ், கட்டுப்பாடு இழந்துவிடுவோமோ என்பதற்குச் செர்ரி பிளம், பிறருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதற்கு ரெட் செஸ்ட்நட்.

அப்பா தவறிய பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை. மலர் மருத்துவம் படித்திருந்த அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "எதை நினைச்சுப் பயப்படுறே?" என்று கேட்டார். "பயமெல்லாம் இல்லை அண்ணி, அசதிதான்" என்றேன். அவர் விடவில்லை. எந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, அப்போது கையில் என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில்தான் வாயில் வந்தது: ஊரில் தனியாக இருக்கும் அம்மா போனை எடுக்காவிட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெட் செஸ்ட்நட் கொடுத்தார், நான்கு வேளை நான்கு சொட்டு. கூடவே, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவே கூப்பிடுவது என்று ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாடுதான் என்னைத் தூங்க வைத்தது என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விகள் இல்லாமல் அது வந்திருக்காது.

அதனால் கடையில் போய்ப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். பொறுமையாகக் கேட்கிற ஒருவரிடம் போங்கள். அவர் "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து" என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்; மனநல மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் பிராந்தி என்பதால், குடியை நிறுத்த டைசல்ஃபிராம் எடுப்பவர்களுக்கு இது கூடவே கூடாது.

உங்களுக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சாவதே மேல் என்ற நினைப்பு தலைகாட்டினால் வாரம் முடியக் காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள். சொட்டு மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.