பி.டி. பீரியடை முதலில் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. ஏ.டி.ஹெச்.டி (கவனம் நிலைக்காமல், ஓயாமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) இருப்பதாகப் போன வருடம் டாக்டர் சொன்னார். வகுப்பில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். கணக்கை முடிக்கவில்லை என்று பி.டி. பீரியடிலும் உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வந்தால் ஆளே வேறு. 'முக்கால் இன்ச் எல்போ நாலு' என்றால் சரியான பெட்டியிலிருந்து எடுத்துவந்து மொத்த விலையையும் சொல்லிவிடுவான். 'அவனிடம் இருக்கும் திறமையைப் பள்ளியில் பயன்படுத்தச் சொல்லுங்கள்' என்கிறார் டாக்டர். டீச்சரிடம் என்னவென்று கேட்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த பி.டி. பீரியடைக் கேளுங்கள் அம்மா. ஓடியாடினால்தான் அடுத்த வகுப்பில் கொஞ்சமாவது உட்காரக்கூடிய பிள்ளையிடமிருந்து அதையே பிடுங்கிக்கொண்டு, அப்புறம் 'துறுதுறுவென்று இருக்கிறான்' என்று டைரியில் எழுதி அனுப்பினால் என்ன நியாயம்?

கடையில் அவனுக்கு எல்லாம் ஒத்துவருகிறது. எழுந்து நடக்கலாம், கையில் பொருள் இருக்கிறது, சரியா தப்பா என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. வகுப்பிலோ இருபது கணக்கை ஒரே இடத்தில் உட்கார்ந்து போட்டு, நோட்டு திருத்தி வர நாலு நாள் காத்திருக்க வேண்டும். அதனால் டீச்சரிடம் 'இவன் திறமையை வளர்த்துவிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். சின்னச் சின்னதாக, செய்ய முடிந்ததாகக் கேளுங்கள்: ஜன்னலை விட்டுத் தள்ளி முன் பெஞ்ச், ஒரு தடவைக்கு நாலே கணக்கு, முடித்ததும் நோட்டை எடுத்துப்போய்க் காட்டி டிக் வாங்கும் அனுமதி. வகுப்புக்கு நோட்டு விநியோகிக்கும் வேலையையும் அவனுக்கே கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் சேட்டை செய்த அன்று அதைப் பறித்துவிட்டால் கதை பழையபடிதான்.

பெருக்கல் கணக்கைக் கடை பில்லாக மாற்றிக் கொடுக்கலாம். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏ.டி.ஹெச்.டி என்று கண்டறிந்தபோது அவர் அம்மா இதைத்தான் செய்தார், இத்தனை மீட்டரை இந்த வேகத்தில் நீந்த எவ்வளவு நேரம் என்கிற மாதிரி கணக்கைக் கொடுக்க வைத்தார். (உடனே 28 ஒலிம்பிக் பதக்கங்களை நினைத்துக்கொண்டு பையனைப் பார்க்காதீர்கள், பாவம்! கணக்கில் பாஸானாலே நமக்குப் போதும்.)

டாக்டர் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், இதெல்லாம் செய்கிறோமே என்று நீங்களாக அதை நிறுத்தக் கூடாது. இன்னொன்று, வாயால் விலை சொல்லும் பிள்ளை எழுதும்போது மட்டும் தடுமாறினால் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருவது சகஜம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் (இப்படிப்பட்ட குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் இடம்) எங்கே என்று விசாரியுங்கள், 18 வயது வரை பார்ப்பார்கள், காசு கிடையாது.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது டாக்டர் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸோடு, கடையில் அவன் போட்ட பில் ஒன்றையும் எடுத்துப் போங்கள்.