வாசகர் கேள்வி – பதில்: ரீபே, டென்மார்க்கின் பழைய வைக்கிங் சந்தை

கேள்வி: மகள் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் இருக்கிறாள். ஜூன் மாதம் நானும் கணவரும் போகிறோம். வைக்கிங் காலத்து ஊர் ஒன்றை ஒரே நாளில் பார்த்து வர முடியுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: ரீபேக்குப் போங்கள். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம் அது; கி.பி. 700 அளவில் ஆற்றங்கரைச் சந்தையாகத் தொடங்கியது. ஹேர்னிங்கிலிருந்து காரில் ஒன்றரை மணிநேரத்துக்குள் சேரலாம். ரயில் என்றால் ஸ்கேர்னிலும் எஸ்பியர்க்கிலும் மாற வேண்டியிருக்கும். இணைப்பு ரயில் தவறினால் காத்திருப்பிலேயே பாதி நாள் போய்விடும். கார் கிடைத்தால் காரே நல்லது.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வைக்கிங்குகள், அதாவது அந்தக் கால வட ஐரோப்பியக் கடலோடிகள், கட்டிய வீடு எதுவும் நகருக்குள் நிற்கவில்லை. அவை மரவீடுகள், உக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. இன்று காணும் மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலானவை 1580இல் நடந்த பெருந்தீக்குப் பின் எழுந்தவை. பழைய சந்தை தெருக்களுக்கு அடியில் கிடக்கிறது. அதனால் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள வைக்கிங் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஊரைச் சுற்றினால் அழகான தெருக்கள் மட்டும்தான் கண்ணில் படும்.

அங்கே வாள்களுக்கு முன்னால் நேரத்தைக் கரைக்காதீர்கள். தொழிலாளர் விட்டுப்போன கழிவுகளிடம் போங்கள்: மணி செய்த கண்ணாடித் துண்டுகள், சீப்புச் செதுக்கிய கொம்புச் சீவல்கள். பழைய உரோமக் கட்டடங்களின் வண்ணக் கண்ணாடிக் கட்டிகளை வாங்கிவந்து, உருக்கி, மணியாக்கியிருக்கிறார்கள். டென்மார்க்கில் வாழாத துருவக் கலைமானின் (reindeer) கொம்பும் மண்படைகளில் கிடைத்திருக்கிறது. நோர்வேப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. வைக்கிங் காலம் 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையிட்டதோடு தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே இங்கே தூர தேச வியாபாரம் நடந்திருக்கிறது. எங்களுக்கு ரீபேயின் பெருமை இதுதான்.

நண்பகலில் ஊருக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் உள்ள வைக்கிங் மையத்துக்குப் போங்கள். அகழ்வுகளை வைத்து மீளக் கட்டிய வீடுகளில் கொல்லன் வேலையும் நெசவும் நடக்கும். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும். கோடையிலும் சில நாட்களில் திறவாது, பின்னேரம் வேளைக்கே மூடிவிடும். திறக்கும் நாளை மகளிடம் சொல்லி முதலே பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பேராலயம். 12ஆம் நூற்றாண்டில் ரைன் நதிப் பக்கத்துக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்து கட்டத் தொடங்கினார்கள். நூற்றாண்டுகளாக மண்சேர்ந்து சுற்றியுள்ள தெரு உயர்ந்ததால் ஆலயம் பள்ளத்தில் நிற்பதுபோல் இருக்கும். கோபுரத்துக்கு 248 படிகள். முழங்கால் நோ உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம். ஆற்றோரத்தில் வெள்ள உயரம் குறித்த தூண் ஒன்று உண்டு. உச்சியில் இருப்பது 1634ஆம் ஆண்டுக் கடல்வெள்ளம். வழமையான மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6 மீற்றர். 2004 சுனாமியைக் கண்ட நம்மவர்கள் அந்தத் தூணைச் சும்மா கடந்துபோக மாட்டார்கள்.

ஜூனிலும் காற்றுக் குளிரும். மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் மேலங்கி எடுங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது.

கேள்வி: ரீபேக்கு அருகே மண்டோ என்ற தீவுக்குக் கடலுக்குள்ளால் பாதை இருக்கிறதாமே. சொந்தக் காரில் போகலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: வேண்டாம். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதை வைத்து அந்தக் கடலைக் கணிக்கக் கூடாது. அங்கே நாளுக்கு இரு தடவை கடல் பெருகிப் பாதையை மூடும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் சொன்ன நேரத்துக்கு முன்பே நீர் ஏறிவிடும். நடுவழியில் கார் நின்றால் உப்புநீர் எஞ்சினைக் கெடுத்துவிடும். வெஸ்டர் வெட்ஸ்டெட் ஊரிலிருந்து உழவு இயந்திரம் இழுக்கும் பஸ் போகிறது. வற்று நேரத்தைப் பொறுத்துப் புறப்படும் நேரம் தினமும் மாறும். அதைப் பார்த்தபின் மற்றப் பயணங்களைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: மகன் ஜேர்மனியில். அவனிடம் போக எடுக்கும் ஷெங்கன் வீசாவில் ரீபேக்கும் போகலாமா? யூரோ செல்லுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போகலாம். வீசாவில் குறித்த நாட்களுக்குள் இருக்க வேண்டும். டென்மார்க்கில் தங்கும் நாட்களும் அதே கணக்கில்தான் கழியும். ஜேர்மன் எல்லையில் டென்மார்க் பொலிசார் சோதிப்பதுண்டு, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். அங்கே குரோனர்தான் நாணயம். சில கடைகள் யூரோ வாங்கினாலும் மாற்று விலையில் நட்டம் வரும். வங்கி அட்டையால் செலுத்துவதே வசதி. புறப்படுமுன் உங்கள் அட்டை வெளிநாட்டில் வேலைசெய்யுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.