முதன்முறையாகப் போர்க்கப்பலுக்கு டிராஃப்ட் (பணியிட மாற்ற உத்தரவு) வந்திருக்கும் நேரத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி கேட்ட கடற்படைத் தம்பிக்கு அடுத்த மாதம் விசாகப்பட்டினத்தில் கப்பலில் சேர வேண்டும். மதுரையில் ஒரு பழைய வீட்டுக்குப் பேசி முடித்திருக்கிறார். கடன் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நேரத்தில் வாங்கலாமா, தள்ளிப்போடலாமா என்கிறார்.

வாங்கலாம். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். என் வீட்டுக்காரரும் கடற்படையில்தான், பெட்டி ஆபீசர் பதவி. அவர் கப்பலில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டுக் கிரயம் பதிவானது, சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து கைரேகை வைத்தது நான். அதனால் முதலில் ஒன்று சொல்கிறேன்: வீடு வாங்குகிற ஆள் உங்கள் மனைவி என்று வைத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் செய்யுங்கள். "நான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள்" என்று நினைத்தால் ஒவ்வொரு படியிலும் வேலை நிற்கும்.

நிற்பதற்குப் பெரிய காரணம் போன். உளவு வழக்கில் மாலுமிகள் சிலர் கைதான பிறகு, 2019 டிசம்பரில் போர்க்கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குக் கடற்படை தடை போட்டது. ஆனால் இன்றைக்கு வீட்டுக்கடன் முழுக்க ஓடிபியில்தான் நகர்கிறது. எங்கள் வங்கி ஒரு படிவத்துக்கு அவர் எண்ணுக்கு மட்டும் ஓடிபி அனுப்பிக்கொண்டே இருந்தது. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும்வரை அந்தக் கோப்பு அப்படியே கிடந்தது. கடனுக்கு மனைவியை இணை விண்ணப்பதாரராகச் சேருங்கள், தொடர்பு எண்ணாக அவர் எண்ணைக் கொடுங்கள். உங்கள் கையெழுத்தும் ஓடிபியும் தேவைப்படும் எல்லாவற்றையும், முக்கியமாகக் கடன் ஒப்பந்தத்தை, கப்பலில் சேருவதற்கு முன்பே நேரில் போய் முடித்துவிடுங்கள்.

அடுத்தது பவர் பத்திரம். இருவர் பெயரிலும் வாங்குவதானால் உங்கள் சார்பில் மனைவி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பொதுப் பவர் வேண்டாம். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், சர்வே எண், கதவு எண், நான்கு எல்லையோடு எழுதிய தனிப் பவர் போதும். நீங்கள் வசிக்கும் எல்லைக்குட்பட்ட சார்பதிவாளர் முன்புதான் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பதிவுச் சட்டம். ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டால் விசாகப்பட்டினத்தில் அலைய வேண்டாம். வரைவை வங்கி வக்கீலிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பதிவன்று என்னிடம் பவரோடு இன்னொன்றும் கேட்டார்கள்: கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று அண்மைத் தேதியில் ஒரு டாக்டர் சான்று. கப்பல் கிளம்புவதற்கு முன்பே கப்பலின் மருத்துவ அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி என் வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். பத்திர எழுத்தர் அதை வாங்கி, தேதியைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, "சரிம்மா, உட்காருங்க" என்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பணத்துக்கு வருவோம். பழைய வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் வீடென்றால் இதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. அப்போது 32 லட்சம்தான் வரும். மீதி 8 லட்சத்தையும் சேர்த்தால் சுமார் 11 லட்சத்து 60 ஆயிரம் கையிலிருந்து போகும். வக்கீல், பத்திர எழுத்தர் செலவு தனி.

மாதத் தவணையை அடிப்படைச் சம்பளம், மிலிட்டரி சர்வீஸ் பே, அகவிலைப்படி இவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். கடலில் இருக்கும் நாளுக்குத் தரும் சீ கோயிங் அலவன்ஸை அதில் சேர்க்காதீர்கள். அது கிடைக்க 12 மணி நேரம் கடலில் இருக்க வேண்டும் என்ற விதியை 2017-இல் 4 மணி நேரமாகத் தளர்த்தினார்கள், உண்மைதான். ஆனால் கப்பல் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் டாக்யார்டில் நின்றால் அந்தப் பணமே வராது. வந்தால் அதை அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

கிரய ஒப்பந்தத்தில் சாதாரணமாக மூன்று மாதம் கெடு எழுதுவார்கள். ஆறு மாதம் கேளுங்கள். தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதி முன்பணம் கொடுத்து விடாதீர்கள். இன்னொன்று: வீட்டை விற்பவரோ வங்கி ஊழியரோ "சார் எப்ப வருவார்?" என்று கேட்டால் கப்பல் கிளம்பும் தேதியையோ திரும்பும் தேதியையோ சொல்லக் கூடாது. "இந்த மாதம் அவரால் வர முடியாது, நான் வருகிறேன்" என்றாலே போதும். இதை உங்கள் மனைவியிடமும், அப்பா அம்மாவிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

கப்பலில் முதல் சில மாதம் மனம் வேறெங்கும் போக இடமிருக்காது. புதிதாகச் சேர்ந்தவர் ஜாய்னிங் ரொட்டீன் தாளில் ஒவ்வொரு பிரிவாகக் கையெழுத்து வாங்குவது, வாட்ச் எனும் முறைப்பணி, எந்தத் தளத்தில் எந்த வால்வு, எங்கே தீயணைப்புக் குழாய் என்று இருட்டிலும் கண்டுபிடிக்கும் அளவுக்குப் படிப்பது, இதற்கே உடம்பு அசந்துவிடும். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் இருக்கிறதே என்று நம்பிப் பதிவுத் தேதி குறிக்காதீர்கள். கப்பலின் பயணத்திட்டத்தைப் பொறுத்துத்தான் விடுப்பு. சேர்ந்தவுடனே உங்கள் பிரிவைக் கவனிக்கும் அதிகாரியான டிவிஷனல் ஆபீசரிடம் வீடு வாங்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சொத்து வாங்குவதை எங்கே, எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பதிவு முடியும்வரை குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும். விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போவதை அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்த டிராஃப்ட் தமிழ்நாட்டிலேயே உள்ள கடற்படை விமானத் தளங்களான அரக்கோணம் ராஜாளிக்கோ உச்சிப்புளி பருந்துக்கோ கிடைக்கும் என்ற நினைப்பில் மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மும்பையும் வரலாம், கார்வாரும் வரலாம். பணி முடிந்து வாழப்போகிற ஊர் மதுரைதான் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா பெயர் மாற்றம் இதிலெல்லாம் உங்கள் மனைவிக்கு எங்காவது சிக்கினால் இங்கேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். நான் அலைந்த அலுவலகங்கள்தான், தெரிந்ததைச் சொல்கிறேன்.