பாடல் குழுவை விட்டு விலகலாமா?

தோத்திரம் பிரதர். ஆராதனையில் பாடி முடித்ததும் மனது பாராட்டைத் தேடுகிறது, கூடப் பாடுகிறவர் சுருதி தவறினால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது, அதனால் விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலகாதீர்கள். விலகினால், ‘தாழ்மைக்காக விட்டுக்கொடுத்தவர்’ என்று நாலு பேர் சொல்வார்கள்; பெருமைக்கு அதுவும் தீனிதான். பைபிளில் லூக்கா 18-இல் வரும் பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுத்தான். அதிலெல்லாம் குறையில்லை. தூரத்தில் நின்ற ஆயக்காரனோடு (வரி வசூலிப்பவனோடு) தன்னை ஒப்பிட்டதில்தான் சறுக்கினான். உங்களுக்கும் சிக்கல், கூடப் பாடுகிறவர் தவறும்போது வரும் அந்தச் சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். பாராட்டுக்கு ஆசைப்படாத பாடகர் யார்?

அடுத்த தனிப்பாடலைச் சுருதி தவறுகிற அவருக்கே கொடுங்கள். சனிக்கிழமை பயிற்சியில் அவர் தடுமாறும் அடியை, அவரோடு உட்கார்ந்து பாடிக் காட்டுங்கள். அவர் நன்றாகப் பாட வேண்டும் என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபம் வரும், பரவாயில்லை.

ஒரு உபவாசத்தில் இது தீர்ந்துவிடாது. தன்னை உயர்த்தாதபடிக்கு அப்போஸ்தலன் பவுலுக்குக் கொடுக்கப்பட்ட முள் (அவரை வாட்டிய ஒரு வேதனை), மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை; ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12).

அப்புறம், முகம் தெரியாத எங்களிடம் சொன்னதை உங்கள் ஆயரிடமும் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று நேரில் கேட்க ஒரு ஆள் வேண்டுமே.