கால்வினோடு சேர்த்துச் சொல்லவேண்டிய பெயர்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் நோட்டில் 'கால்வின் சுழற்சி' என்று எழுதியதை அவள் டீச்சர் 'கால்வின்–பென்சன் சுழற்சி' என்று திருத்தியிருக்கிறார். இந்தப் பென்சன் யார்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாவரவியல் பாடம் நடத்திய காலம் முழுக்க நானும் அப்படித்தான் எழுதிப்போட்டேன். செடி கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வழிதான் இந்தச் சுழற்சி.

ஆண்ட்ரூ பென்சன் 1917-ல் கலிஃபோர்னியாவில், மொடஸ்டோ என்ற ஊரில் பிறந்தவர். 1946-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெல்வின் கால்வின் தொடங்கிய ஒளிச்சேர்க்கை ஆய்வில் சேர்ந்தார். கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் செடி, அதை முதலில் என்ன பொருளாக மாற்றுகிறது? இதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

பென்சன் செய்த ஏற்பாட்டை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. லாலிபாப் மாதிரி தட்டையான ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே பச்சைப்பாசி, இரண்டு பக்கமும் விளக்கு. 1940-ல் அதே பெர்க்லியில் ரூபனும் கேமனும் கண்டுபிடித்திருந்த கதிரியக்கக் கார்பன்-14-ஐ அதில் செலுத்தி, சில விநாடிகளில் குடுவையின் அடியிலுள்ள குழாயைத் திறந்துவிடுவார்கள். பாசி சூடான ஆல்கஹாலில் விழும். வினைகள் அப்படியே நின்றுபோகும். அப்புறம் அந்தச் சாற்றை வடிதாளின் மூலையில் வைத்து, ஒரு கரைப்பானில் நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் ஓடவிட்டால் பொருள்கள் தனித்தனியே பிரியும். தாள்மேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துக் காத்திருந்தால், கார்பன்-14 போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கரும்புள்ளி விழும். எந்தப் புள்ளி எந்தப் பொருள் என்று கண்டறிவதுதான் ஆளின் பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதில் பென்சனின் பங்கு மிகப் பெரியது.

சில விநாடிகளிலேயே நிறுத்தினால் பெரும்பகுதி ஒரே பொருளில் இருந்தது. ஃபாஸ்ஃபோகிளிசரிக் அமிலம், மூன்று கார்பன் கொண்டது. அப்படியானால் வாயுவைப் பிடித்துக்கொள்வது இரண்டு கார்பன் பொருளாக இருக்கவேண்டும் என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் பென்சன் அடையாளம் கண்டது ஐந்து கார்பன் சர்க்கரை ஒன்றின் பாஸ்பேட்டை: ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட். ஐந்தோடு ஒன்று சேர்ந்து ஆறு; ஆறு உடனே மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாக உடைகிறது. அந்த மூன்றிலிருந்து சர்க்கரையும் உருவாகிறது, பழைய ஐந்தும் திரும்ப உருவாகிறது. அதனால்தான் அது சுழற்சி.

1954-ல் கால்வின் அவரை ஆய்வகத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். 1961-ல் வேதியியல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பிற்பாடு கால்வின் எழுதிய தன்வரலாற்றில் பென்சன் பெயர்கூட இல்லை. கால்வினின் தலைமை பெரிது, கூட உழைத்த ஜேம்ஸ் பாஷாமின் பங்கும் பெரிது; இருந்தாலும் இது அநியாயம் என்றே சொல்வேன்.

பென்சன் துவண்டுபோகவில்லை. 1962-ல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குப் போனார். இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் சவ்வில் கந்தகம் கலந்த கொழுப்பு ஒன்று இருப்பதைக் கண்டறிந்தவரும் அவர்தான். 2015-ல், 97 வயதில் காலமானார்.