பதில்: சிலிண்டர் 25 நாளில் தீர்ந்துவிடுகிறது

நான்கு பேர் கொண்ட வீட்டில் சிலிண்டர் 25 நாள்தான் வருகிறது, தினமும் நால்வருக்கும் குளிக்க வெந்நீரும் அதே அடுப்பில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டை அந்த வெந்நீரில்தான் இருக்கிறது, சமையலில் அல்ல. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 15 டிகிரி கூட்ட, பாத்திரத்தைச் சுற்றி வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், என் கணக்கில் சுமார் 35 கிராம் எரிவாயு செலவாகும். நாளுக்கு நான்கு வாளி என்றால் மாதம் 4 கிலோவுக்கு மேல். உங்கள் சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோதான்! குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் வெந்நீர் வையுங்கள். வெயில் காலத்தில், கறுப்புச் சாயம் அடித்த குடத்தில் நீர் நிரப்பி மாடியில் வைத்தாலே மாலைக்குள் நன்றாகச் சூடேறிவிடும்.

அடுத்த முறை சிலிண்டர் வரும்போது எடை போடச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கைப்பிடிப் பகுதியில் பொறித்திருக்கும் வெற்று எடையுடன் 14.2 கூட்டினால் வரும் எடை இருக்க வேண்டும்.

சமையலிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளில் அடைப்பு இருக்கலாம், ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.